படிவத்தின் ஒன்பதாம் வினா

அந்தப் படிவத்தில் பதினான்கு வினாக்கள் இருந்தன. பதின்மூன்று வினாக்களுக்கு நான் உண்மையான விடையை எழுதினேன். ஒன்பதாம் வினாவுக்கு மட்டும் பொய் எழுதினேன். ‘இல்லை’ என்னும் அந்தச் சொல்லை, எழுத்துகள் ஒன்றையொன்று இடிக்காமல், கோட்டை விட்டு விலகாமல், மிக அழகாக எழுதினேன் என்பது இன்றும் நினைவிருக்கிறது.

வினா இதுதான்: ‘இதற்கு முன்னர் மனநலம் தொடர்பாக மருத்துவரிடம் சிகிச்சை பெற்றதுண்டா?’

எங்கள் வீட்டில் எழுத்து வேலை என்னுடையது. என் கணவர் தண்டாயுதபாணி ஆறாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். நானும் எட்டாம் வகுப்போடு நின்றவள்தான். எனினும், மகள் தமிழினி கல்லூரியில் சேர்ந்த ஆண்டில் தனித்தேர்வராகப் பத்தாம் வகுப்பு எழுதித் தேறினேன். பின்னர்ப் பன்னிரண்டாம் வகுப்பும் தேறினேன். ஆதலால் வங்கி, மின்வாரியம், ரேஷன் கடை என எங்கிருந்து எந்தத் தாள் வந்தாலும் தெருவினர் அதை என்னிடம் கொண்டுவருவர். அந்தப் பெருமிதத்தோடுதான் இந்தப் படிவத்தையும் கையில் வாங்கினேன்.

அதைக் கொண்டுவந்தவர் ராமாத்தாள் அக்கா. எருமப்பட்டிக்கு அப்பால், கொல்லிமலையைப் பார்த்துச் செல்லும் சாலையில் உள்ள ஒரு தியான நிலையத்தில் அவர் தொண்டு செய்துவந்தார். பத்து நாள்கள் யாரோடும் பேசாமல் அமர்ந்து பயிலும் வகுப்பு அங்கே நடைபெறும். என் கணவரை அதில் சேர்ப்பதற்கான படிவமே அது. ராமாத்தாள் அக்காவுக்கு எங்களோடு இன்னொரு தொடர்பும் இருந்தது. அவருடைய தம்பி மகனுக்குத்தான் எங்கள் தமிழினியைக் கேட்டிருந்தார்கள். பேச்சு பாதித் தூரம் வந்திருந்தது.

“எழுதிக் குடு கண்ணு. நானே கொண்டு போயிக் குடுத்தர்றேன்,” என்று காபித் தம்ளரோடு எனக்கு எதிரிலேயே அமர்ந்துகொண்டார் அவர்.

அவர் எதிரில் அமர்ந்திருக்க, நான் ‘ஆம்’ என்று எவ்வாறு எழுதுவேன்?

என் கணவர் இருபத்திரண்டு ஆண்டுகள் ரிக் வண்டியில் டிரில்லராக இருந்தார். அதாவது, ஆழ்துளைக் கிணற்றுக்கான ‘ராடு’ எனப்படும் கம்பிகளை மண்ணுக்குள் இறக்கும் விசைகளை இயக்குபவர். ஆறு ஆண்டுகளுக்கு முன்பு, மத்தியப் பிரதேசத்தில் ஒரு சோளக்காட்டில் வண்டியின் கோபுரத்தை நிமிர்த்தியபோது, அது மேலே சென்ற மின்கம்பியில் பட்டது. தரையில் நின்றபடி வண்டியைத் தொட்டுக்கொண்டிருந்த பொன்னன் அந்த இடத்திலேயே இறந்துபோனார். பொன்னன் என் கணவரோடு பதினோர் ஆண்டுகள் ஒரே வண்டியில் உண்டு உறங்கியவர். விசை என் கணவரின் கையில் இருந்தது.

அதன் பின்னர் எட்டு மாதங்கள் அவர் சரியாக உறங்கவில்லை. இடி இடித்தால் கட்டிலுக்கு அடியில் போய்ப் படுப்பார். சேலம் ஃபேர்லேண்ட்ஸில் ஒரு மருத்துவரிடம் ஒன்றரை ஆண்டுகள் மாத்திரை வாங்கிச் சாப்பிட்டார். உறவினர்களிடம் கண் வைத்தியம் என்று கூறினோம். பேருந்தில் ஏறும்போது அவருக்கு ஒரு கறுப்புக் கண்ணாடியை மாட்டிவிடுவேன். பெண்பிள்ளை இருக்கும் வீட்டில், தகப்பன் தலைக்கு மாத்திரை சாப்பிடுகிறான் என்னும் பேச்சு வெளியே போகக் கூடாது. எங்கள் பக்கத்தில் இதை ஒருவரும் சொல்லித் தர வேண்டியதில்லை, எல்லோருக்கும் தெரியும்.

மாத்திரை நின்றது, அவரும் தேறினார். முழங்கால் வலியால் ரிக் வேலையை விட்ட பிறகு, திருச்செங்கோட்டில் ஒரு மண்டபத்து மாடியில் காலை நேரத்தில் நடைபெற்ற தியான வகுப்புக்குச் செல்லலானார். ஓய்வு பெற்ற வங்கி அலுவலர் அன்பரசு ஐயா அதை நடத்தினார். நாள்தோறும் இருபது நிமிடங்கள். உண்மையைச் சொல்ல வேண்டுமானால், அந்த மூன்று மாதங்கள் எங்கள் இல்லறத்தில் நல்ல மாதங்கள். அவர் நன்றாக உறங்கினார். வாசலில் கிடக்கும் என் செருப்பை நேராக எடுத்து வைக்கும் அளவுக்குப் பொறுமை அவரிடம் வந்தது. ஆகவேதான், இருபது நிமிடங்களில் இவ்வளவு நன்மை என்றால் பத்து நாள்களில் எவ்வளவு இருக்கும் என்று அவரும் எண்ணினார், நானும் எண்ணினேன்.

பதினோராம் நாள் பிற்பகல் அவர் வீடு திரும்பினார். முகம் தெளிந்திருந்தது. ஆனால் அது கழுவிக் கவிழ்த்து வைத்த பாத்திரத்தின் தெளிவாக இருந்தது. பத்து நாள்களாக ஒரு வேளை உணவோடு இருந்திருப்பாரே என்று அவருக்குப் பிடித்த கொள்ளுப் பருப்பு கடைந்து சோறு போட்டேன். அவர் சோற்றில் கை வைத்தவாறே அமர்ந்திருந்தார்.

“ஏனுங்க, சோத்தப் பாத்துட்டே உக்காந்திருக்கறீங்க?”

“சோத்தப் பாக்கல. இந்தக் கை ஆருதுன்னு பாத்துட்டு இருக்கறேன்.”

வேடிக்கையாகக் கூறுகிறார் என்று எண்ணிச் சிரித்தேன். “உங்க கைதானுங்க. பக்கத்தூட்டுக்காரரு கையையா நா உங்களுக்கு ஒட்டி வெச்சிருக்கறேன்?”

அவர் சிரிக்கவில்லை. என் மனம் நோகக் கூடாது என்பதுபோல் மெல்லக் கூறினார்: “ஊடு இருக்குது. நீ இருக்கற. பருப்பு வாசம் வருது. ஆனா எல்லாம் லாரிக் கண்ணாடிக்கு அக்கட்ட இருக்கறாப்ல இருக்குது ஜோதி.”

களைப்பு என்றே நினைத்தேன். ஆனால் ஒரு வாரம் கழிந்தும் அது மாறவில்லை. நான் கடுகு தாளித்தால், அந்த வெடிப்பொலிக்கு அவருடைய உடல் முழுவதும் அதிர்ந்தது. மின்விசிறியின் ஓசை தாங்க முடியவில்லை என்று சித்திரை வெயிலில் அதை நிறுத்திவிட்டு வியர்த்தபடி அமர்ந்திருந்தார். காரணமின்றிக் கண்ணீர் வழியும், ஏன் என்று கேட்டால், “தெரியில. அதுவா வருது,” என்பார். உறக்கம் மூன்று மணி நேரமாகக் குறைந்தது.

கோவையில் வேலை பார்க்கும் தமிழினி ஞாயிற்றுக்கிழமைதோறும் அலைபேசியில் அழைப்பாள். அந்த ஞாயிறு தந்தையும் மகளும் பத்து நிமிடங்கள் பேசினார்கள். பேசி முடித்ததும் அலைபேசியை என்னிடம் தந்துவிட்டு அவர் சுவரோரம் போய் நின்றார்.

“என்னங்க ஆச்சு?”

“நல்ல புள்ள பேசறாப்ல இருந்துச்சு. ஆனா எனக்கு அவ மேல ஆசையே வரமாட்டேங்குது. ஆரோ ஊட்டுப் புள்ள பேசறாப்ல கேட்டுட்டு இருந்தேன். நா என்ன கல்லாயிட்டனா ஜோதி?”

திருமணமாகி இருபத்தாறு ஆண்டுகளில் அவர் என்னிடம் அவ்வளவு அஞ்சிப் பேசியதில்லை. நான் அவருடைய முதுகைத் தடவினேன். தடவிய இடத்தை, அது எங்கே இருக்கிறது என்று தேடுவதுபோல் அவர் திரும்பிப் பார்த்தார்.

ஓர் உணவு ஒத்துக்கொள்ளாவிட்டால் நாம் அதை நிறுத்திவிடுகிறோம். என் கணவர் நிறுத்தவில்லை, மாறாக, அதிகமாக்கினார். இருபது நிமிடங்கள் இரண்டு மணி நேரமாயின. இரண்டு ஐந்தாயின. தமிழினியின் அறையில் பாயை விரித்துக் கதவைச் சாத்திக்கொண்டு அமர்ந்துவிடுவார்.

அவர் அவ்வாறு செய்ததன் காரணத்தைப் பிறர் அறிய மாட்டார்கள். ரிக் தொழிலில் இருப்பவர்கள் அறிவார்கள். ராசிபுரம் பக்கம் ஒரு தோட்டத்தில் எண்ணூறு அடி வரை வெறும் கல்தூள் புகையாகவே வந்தது. தோட்டத்துக்காரர் கையெடுத்துக் கும்பிட்டு நிறுத்தச் சொன்னார். என் கணவர் நிறுத்தாமல் கம்பிக்கு மேல் கம்பியாக இறக்கினார். தொள்ளாயிரத்து நாற்பதாவது அடியில் தண்ணீர் பீறிட்டு வண்டியின் மேல் கொட்டியது. ‘பாணி கையை வைத்தால் புகை போகாது’, அதாவது கிணறு வறண்டு போகாது என்று தொழிலில் அவருக்குப் பெயர் உண்டு. தண்ணீர் வரவில்லை என்றால் ஆழம் போதவில்லை என்பதே அவர் வாழ்நாளில் கற்ற ஒரே பாடம்.

“போதுமுங்க, எந்திரிங்க,” என்று ஒருநாள் நான் கதவைத் திறந்து கெஞ்சினேன்.

“தண்ணிக்கு மேல எப்பவும் புகைதான் புள்ள. இன்னும் ரெண்டு ராடு எறக்குனா வந்துரும்.”

“எதுங்க வரும்?”

அவர் கண்களை மூடிக்கொண்டார்.

அன்று நான் அன்பரசு ஐயாவை அலைபேசியில் அழைத்தேன். நடந்தவற்றை ஒவ்வொன்றாகக் கூறினேன். அவர் கனிவான மனிதர், பொறுமையாகக் கேட்டார்.

“உள்ள இருக்கற அழுக்கெல்லாம் வெளிய வருதும்மா. சுத்தம் பண்ணும்போது ஊடு கொஞ்சம் கலைஞ்சுதான் கெடக்கும். நிறுத்தாமச் செய்யச் சொல்லுங்க,” என்றார். பின்னர், ஏதோ தோன்றியவராக, “இதுக்கு முன்னாடி மனசு சம்பந்தமா வைத்தியம் ஏதும் பாத்திருக்கீங்களா?” என்று கேட்டார்.

வாய் திறந்தேன். ராமாத்தாள் அக்காவும் அவரும் நாள்தோறும் பேசிக்கொள்பவர்கள் என்பது நினைவுக்கு வந்தது.

“இல்லீங்க,” என்றேன்.

எழுத்தில் ஒருமுறை, பேச்சில் ஒருமுறை. முதல் பொய் அறியாமை என்று ஒதுக்கத்தக்கது. இரண்டாவது பொய்யைச் சொல்லும்போது நான் எல்லாம் அறிந்திருந்தேன். அலைபேசியை வைத்துவிட்டு, செய்வதற்கு வேறொன்றும் தோன்றாமல், துவைத்த துணிகளையே மீண்டும் துவைத்தேன்.

அடுத்து, அவரோடு வேலை பார்த்த சென்றாயனை வரவழைத்தேன். என் பேச்சைக் கேட்காதவர் தொழில்காரன் பேச்சைக் கேட்பார் என்று எண்ணினேன். சென்றாயன் ஒரு சீப்புப் பூவன் பழத்தோடு வந்தார்.

“என்னண்ணா, சாமியாராயிட்டீங்கன்னு ஊரே பேசுது. தாடியக் காணம்?”

“தாடி வெச்சா உங்க அண்ணி சோறு போட மாட்டா.”

அவர் வேடிக்கைதான் பேசினார். ஆனால் அந்த இடத்தில் ஒரு வேடிக்கை சொல்ல வேண்டும் என்று நினைவுபடுத்திக்கொண்டு சொன்னவர்போல் இருந்தது. சென்றாயனின் சிரிப்பும் பாதியில் நின்றது. அவர் நாற்காலியை அருகே இழுத்துப் போட்டுக்கொண்டார்.

“அண்ணா, நா ஒண்ணு கேக்கறேன். ராடு எறக்கிட்டு இருக்கறீங்க. உள்ள மண்ணு சரியுது. நீங்க மேல உருவுவீங்களா, இன்னும் எறக்குவீங்களா?”

நான் சமையலறைக் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன். நல்ல வினா என்று எனக்குப் பட்டது.

தொழில் பேச்சு என்றதும் என் கணவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். “உருவுவேன். உருவீட்டு, கேசிங் பைப்ப எறக்கி மண்ணத் தடுத்துப்போட்டு, மறுக்காவும் எறக்குவேன். நெறையா வாட்டி அப்படித்தானே பண்ணியிருக்கறோம்?”

“அது… ஆமா…”

“அந்தப் பைப்புதான் மூச்சு. மூச்சப் புடிச்சுட்டு எறங்கோணும்னு சொல்லிக் குடுத்திருக்கறாங்க.”

சென்றாயன் வெளியே வந்து செருப்பை மாட்டியபடி என்னைப் பார்த்துக் கைகளை விரித்தார். “தொழில்ல அவர ஜெயிக்க முடியாதுங்கண்ணி. அன்னைக்கும் முடியாது, இன்னைக்கும் முடியாது,” என்றார். அவருடைய கண்கள் கலங்கியிருந்தன.

அதற்கு மறுவாரம் செவ்வாய்க்கிழமை, மாலை நான்கு மணி இருக்கும். தோசைக்கல்லை அடுப்பில் ஏற்றிவிட்டு, காயப்போட்ட துணியை எடுக்கக் கொல்லைப்புறம் சென்றேன். திரும்பி வந்தபோது அவர் அடுப்பின் முன் நின்றுகொண்டிருந்தார். இடது உள்ளங்கை கல்லின் மேல் இருந்தது.

நான் கத்தியது எனக்கே கேட்கவில்லை. கையைப் பிடித்திழுத்துத் தண்ணீர்க் குழாயின் அடியில் வைத்தேன். உள்ளங்கைத் தோல் வெளுத்துப் போயிருந்தது. அவர் அழவில்லை, கதறவில்லை. குழாய்த் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே, ஒரு கணக்குக்கு விடை தேடும் மாணவனைப்போல் கூறினார்:

“சூடு தெரியுது ஜோதி. ஆருக்குத் தெரியுதுன்னுதான் தெரியில.”

அரசு மருத்துவமனையில் கட்டுப் போட்டார்கள். ‘தோசை சுடும்போது’ என்று சீட்டில் எழுதச் சொன்னேன். அதுவும் ஒருவகையில் பொய்தான். ஆட்டோவில் திரும்பி வரும்போது அவர் தம் தலையை என் தோளில் சாய்த்துக்கொண்டார். பகல் வெளிச்சத்தில், ஓட்டுநர் கண்ணாடியில் பார்க்க, அவர் ஒருநாளும் அவ்வாறு செய்ததில்லை. அந்தத் தலையின் பாரம் என் தோளில் இருந்தது. இந்த மனிதரை நான் இழந்துகொண்டிருக்கிறேன், அவர் என் அருகில் இருக்கும்போதே இழந்துகொண்டிருக்கிறேன் என்பதை அப்போதுதான் முழுமையாக உணர்ந்தேன்.

வெள்ளிக்கிழமை காலை, ராமாத்தாள் அக்காவும் அன்பரசு ஐயாவும் அவரைப் பார்க்க வந்தார்கள். கையில் ஆப்பிள் பை. அதோடு ஒரு தாள். எருமப்பட்டியில் அடுத்த பத்து நாள் வகுப்பு திங்களன்று தொடங்குகிறது. என் கணவரே அவர்களை அழைத்துத் தம்மைச் சேர்த்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறார்! அறைக்குள் அவருடைய பை ஏற்கெனவே கட்டப்பட்டு இருந்தது. ஒரு கையால் கட்டியதால் துண்டின் முனை வெளியே தொங்கிற்று.

“போன வாட்டி போலவே நீயே நெரப்பிக் குடுத்துரு கண்ணு. உன்ற கையெழுத்து அச்சடிச்சாப்ல இருக்குதுன்னு அங்க எல்லாருஞ் சொன்னாங்க,” என்றார் ராமாத்தாள் அக்கா.

தாளை வாங்கினேன். அதே பதினான்கு வினாக்கள். பெயர், வயது, முகவரி எழுதினேன். எட்டு வரை எழுதினேன். பிறகு பேனாவை நிறுத்திவிட்டு, எல்லோருக்கும் கேட்கும்படி உரக்கப் படித்தேன்.

“ஒம்போதாவது கேள்வி. இதற்கு முன்னர் மனநலம் தொடர்பாக மருத்துவரிடம் சிகிச்சை பெற்றதுண்டா? ஆமாம்னு எழுதறேனுங்க.”

ராமாத்தாள் அக்கா முன்னால் சாய்ந்தார். “என்ன கண்ணு எழுதற? போன வாட்டி இல்லைன்னுதானே…”

“போன வாட்டி பொய்யி எழுதுனேனுங்க்கா. ஒன்றர வருசம் மாத்தர சாப்புட்டாரு. கண்ணுக்குன்னு ஊருக்குள்ள சொன்னோம். கண்ணுக்கு இல்லீங்க.” அன்பரசு ஐயாவின் பக்கம் திரும்பினேன். “நீங்க போன்ல கேட்டப்பவும் பொய்யிதானுங்க சொன்னேன்.”

நான் என் கணவரைப் பார்க்க அஞ்சினேன். அவருடைய இரகசியத்தை அவருடைய அனுமதியின்றிப் பிறர் முன்னிலையில் உடைத்திருக்கிறேன். அவர் சினந்தால் அது முறையே.

அவர் சினக்கவில்லை. கட்டுப் போட்ட கையைப் பார்த்தபடியே பேசினார்.

“கண்ண மூடுனாப் பொன்னன் வாரான்.”

“எப்ப இருந்துங்க?”

“அங்க நாலாவது நாள்ல இருந்து. ஒண்ணும் பேச மாட்டேங்கறான். வண்டியத் தொட்டுட்டு நிக்கறான். கைய எடுடா, கைய எடுடான்னு சொல்றேன், எடுக்க மாட்டேங்கறான். இன்னும் கொஞ்ச நேரம் உக்காந்தா, இன்னும் கொஞ்சம் உள்ள போனா, அவனப் புடிச்சு இக்கட்ட இழுத்துப் போடலாம்னுதான்…”

தண்ணீர் தேடி அவர் இறங்கவில்லை என்பதை நான் அந்த வேளையில்தான் அறிந்தேன். இறந்துபோன ஒரு மனிதரை நகர்த்துவதற்காக, ஒவ்வொரு நாளும், ஐந்து மணி நேரம், தனியாக இறங்கியிருக்கிறார்.

அன்பரசு ஐயா எழுந்து வந்து தரையில், என் கணவரின் காலருகே அமர்ந்தார். எழுபது வயதுக்காரர் அவ்வாறு அமர்ந்தது எனக்குக் கூச்சமாக இருந்தது.

“ஐயா, போதும். நீங்க இனிமேக் கண்ண மூட வேண்டாம். இந்தப் பயிற்சி உங்களுக்கு இப்ப ஆகாது. எனக்கு நல்லாயிருந்துச்சு, அதனால எல்லாருக்கும் நல்லாயிருக்கும்னு நெனச்சுட்டேன். நிறுத்தாதீங்கன்னு சொன்னது என்னோட தப்பு.”

“நீங்க கேட்டீங்க. நாந்தானுங்க மறைச்சேன்,” என்றேன்.

“நீங்க மறைக்காட்டியும், கையத் தெரியிலங்கற மனுசனப் போயி இன்னும் உக்காருன்னு சொல்லலாமாம்மா?”

என் கணவர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பின்பு என்னிடம், மிகச் சிறிய குரலில் கேட்டார்: “அப்ப நா பாதில உட்டுட்டு வந்தவனாயிர மாட்டனா?”

அந்த ஒரு வினாவுக்கு நான் எந்தப் புத்தகத்திலும் விடை படிக்கவில்லை.

“ஆகட்டுமுங்க,” என்றேன். “பாதில உட்டவராவே இருங்க. எண்ணூறு அடியோ தொள்ளாயிரம் அடியோ, எனக்கு அது வேண்டாமுங்க. நீங்க மேல வந்தாப் போதும்.”

அவர் கட்டுப் போட்ட கையை மடியில் இறக்கி வைத்தார். பிறகு, “செரி,” என்றார்.

நான் அறைக்குள் சென்று அந்தப் பையைப் பிரித்துத் துண்டையும் வேட்டிகளையும் பழைய இடத்தில் அடுக்கினேன். அடுக்கும்போதுதான் எனக்கு அழுகை வந்தது.

வாசலில் செருப்பை மாட்டிய ராமாத்தாள் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். “நா இத என்ற தம்பி ஊட்ல சொல்ல மாட்டேன் கண்ணு. நீ வெசனப்படாத.”

அது அவருடைய அன்பு. ஆயினும் நான் தலையசைத்து மறுத்தேன். “நீங்க சொல்ல வேண்டாமுங்க்கா. நானே போயிச் சொல்றேன்.”

அவ்வாறே ஞாயிறன்று சென்று கூறினேன். ‘யோசித்துச் சொல்கிறோம்’ என்றார்கள், இன்றுவரை யோசித்துக்கொண்டிருக்கிறார்கள். தமிழினியை அலைபேசியில் அழைத்து எல்லாவற்றையும் தயங்கித் தயங்கிக் கூறியபோது, “நீ பன்னெண்டாவது பாஸ் பண்ணுனதுக்குப் பதிலா இத முன்னாடியே பண்ணியிருக்கலாம்மா,” என்று ஏசிவிட்டு, மறுநொடி அழுதாள். அடுத்த பேருந்தில் வந்து சேர்ந்து, நான்கு நாள்கள் தந்தையின் அருகிலேயே பாய் போட்டுப் படுத்தாள்.

ஃபேர்லேண்ட்ஸில் பழைய மருத்துவர் இல்லை. அவருடைய இடத்தில் அக்சிலியா என்னும் பெண் மருத்துவர் இருந்தார். இம்முறை என் கணவர் கறுப்புக் கண்ணாடி அணியவில்லை. பேருந்தில் நான் அதைப் பையிலிருந்து எடுத்தபோது, “வெயிலே இல்ல, எதுக்கு?” என்றார்.

மருத்துவர் முக்கால் மணி நேரம் கேட்டார். இடையே எழுதிக்கொள்ளவுமில்லை.

“எனக்குக் கிறுக்குப் புடிச்சிருச்சுங்களா டாக்டரம்மா?” என்று என் கணவர் நேராகவே கேட்டார்.

“இல்லைங்க. கிறுக்குப் பிடிச்சவங்க இவ்வளவு தெளிவாக் கேக்க மாட்டாங்க,” என்று அவர் சிரித்தார். “தியானம் நல்லதுதான். நிறைய பேருக்கு நிம்மதி தருது. ஆனா சில பேருக்கு, அதுவும் பெரிய அடி வாங்குன மனசுக்கு, ரொம்ப நேரம் உள்ளயே பாத்துட்டிருந்தா பயம் வரும், தூக்கம் போகும், கை கால் நம்மளது இல்லைங்கற மாதிரி ஆகும். இது உங்களுக்கு மட்டும் வந்தது இல்லை. நீங்க தப்பாவும் செய்யலை. நீங்க இன்னும் ஆழமாப் போகாததால வந்ததும் இல்லை.”

“அப்ப இனி என்ன பண்ணோணுமுங்க?”

“மாத்திரை கொஞ்ச நாளைக்கு. பொன்னனைப் பத்தி என்கிட்ட வந்து பேசணும், கண்ணைத் திறந்துட்டு. அப்புறம் நல்லாச் சாப்பிடுங்க, செருப்பில்லாம மண்ணுல நடங்க, கைக்கு வேலை குடுங்க. அம்மா என்ன வேலை சொன்னாலும் செய்யுங்க.”

“அவ சொல்ற வேலைக்கா பஞ்சம்?” என்றார் அவர். மருத்துவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை; அது நினைவிலிருந்து தேடி எடுத்த வேடிக்கையா, தானாக வந்ததா என்று அவருடைய முகத்தை உற்று நோக்கிக்கொண்டிருந்தேன். எனக்குத் தெரியவில்லை.

நான்கு மாதங்கள் ஆகின்றன. அவர் முழுமையாகக் குணமடைந்துவிட்டார் என்று என்னால் எழுத இயலாது. சில நாள்களில் அந்த லாரிக் கண்ணாடி மீண்டும் இடையில் வந்துவிடும். அன்று அவர் கொல்லைப்புறத்துக் கறிவேப்பிலைச் செடியின் கீழ் வெறுங்காலோடு நின்றுகொண்டிருப்பார். நானும் சென்று அருகில் நிற்பேன். என்ன செய்கிறீர்கள் என்று கேட்பதில்லை. அன்பரசு ஐயா வாரம் ஒருமுறை வந்து, தியானத்தைப் பற்றி ஒரு சொல்லும் பேசாமல், அவரோடு தாயம் ஆடிவிட்டுச் செல்கிறார். பெரும்பாலும் தோற்றுவிட்டுச் செல்கிறார்.

நேற்று முன்தினம் ஊறுகாய்க்காக ஒரு சாக்குச் சின்ன வெங்காயம் வாங்கிவந்து கூடத்தில் கொட்டினேன். இருவரும் எதிரெதிரே அமர்ந்து உரித்தோம். அவருடைய இடது உள்ளங்கையில் புதிய தோல் இளஞ்சிவப்பாக வளர்ந்திருக்கிறது. இன்னும் கூச்சம் போகவில்லை என்பதால் இடது விரல் நுனிகளால் மட்டும் பிடித்துக்கொண்டு வலது கையால் உரித்தார்.

“ஏம்புள்ள, இந்த வெங்காயத்த ஆரு பாத்து வாங்குனது? பாதி அழுகலு.”

“நாந்தானுங்க.”

“பத்தாவது படிச்சா வெங்காயம் பாக்கத் தெரியாதா?”

“பன்னெண்டாவதுங்க.”

“பன்னெண்டாவது படிச்சும் தெரியில. அந்தக் கடைக்காரன் உன்னய நல்லா ஏமாத்தியிருக்கறான். நாளைக்கு நா வாரேன், அவன ஒரு கேள்வி கேக்கோணும்.”

அவர் உண்மையாகவே சினந்திருந்தார். நெற்றி சுருங்கி, மூக்கு விடைத்து, அழுகல்களை ஒவ்வொன்றாக வாசல் பக்கம் எறிந்தார். நான் தலையைக் குனிந்துகொண்டு உரித்தேன். சிறிது நேரத்தில் அவர் முழங்கையால் முகத்தைத் துடைத்தார்.

“யப்பா, என்ற கண்ணு எரியுது.” ‘என் கண்’ என்றார்; யாருடையது என்று கேட்கவில்லை.

“போயி மூஞ்சி கழுவீட்டு வாங்க.”

“கெடக்குது உடு. எரியட்டும்,” என்று கூறிவிட்டு, கண்ணீர் வழிய வழிய அடுத்த வெங்காயத்தை எடுத்தார்.